வலது குழல் உங்களுடையது

அப்பா,

நேற்று வெள்ளிக்கிழமை. உங்கள் மருமகள் சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, குடுமியைப் பிய்த்து அடுப்பு மேடையில் போட்டாள். பக்கத்து அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. நாருக்கும் நெருப்புக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். காபியை அப்படியே வைத்துவிட்டுப் பாய்ந்துபோய் அந்த நாரை எடுத்துக் குழாயைத் திறந்து நனைத்தேன்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள்.

"நனைக்கறேன்."

"அது என்ன பாம்பா? ஒரு புடி நாரு."

"இந்த ஒரு புடி நாருதான் டெக்ஸாஸ் மாநிலத்தையே எரிக்கப் பாத்துச்சு."

சொல்லிவிட்டுத் திரும்பி ஹாலில் இருக்கும் உங்கள் சோபாவைப் பார்த்தேன். பழக்கதோஷம். நான் இப்படி ஏதாவது அளந்தால் அங்கிருந்துதானே உங்கள் செருமல் வரும். ஒரு தடவை செருமினால் பாதியாகக் குறைக்க வேண்டும். இரண்டு தடவை என்றால் அடியோடு நிறுத்த வேண்டும். சோபாவில் துவைத்த துணி குவிந்து கிடந்தது. அவளும் அந்தப் பக்கம்தான் பார்த்தாள். பாலை இறக்கி வைத்தாள்.

இந்த ஃபிரிஸ்கோ ஊரில் என்னைத் தெரியாதவர் கிடையாது அப்பா. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், பெண்டாட்டி நர்ஸ் வேலைக்கு வந்தபோது அவள் பெட்டிகளோடு பெட்டியாக இறங்கியவன். இன்றைக்கு என் கராஜில் காரை ரிப்பேருக்கு விடாத தமிழன் இந்த வட்டாரத்திலேயே இல்லை. விசேஷ வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் டைரக்டர், ஆர்க்கிடெக்ட் எல்லாரும் தட்டைப் பிடித்தபடி சாப்பிட மறந்து நிற்பார்கள். நம் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லும்போது, இங்கிலாந்து அரண்மனையில் ராஜா வேட்டைக்கு வைத்திருந்தது என்றுதான் சொல்வேன். ஒரு செத்துப்போன கிழவர் வீட்டுச் சாமான்களை விற்ற இடத்தில், ஓடாத புல்வெட்டும் மெஷினுக்கும் ஒடிந்த கிறிஸ்துமஸ் மரத்துக்கும் இடையில் அதைப் பார்த்து, "டேய், இது ரெட்டைக் கொழலு" என்று நீங்கள் குனிந்தது நமக்குள் இருக்கட்டும்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட துப்பாக்கி. வாய்வழியாக மருந்து கொட்டி, தக்கை வைத்து, ஈய ரவை போட்டு, அதன்மேல் இன்னொரு தக்கை வைத்துக் கோலால் இடித்து, பின்னால் பொட்டுவெடிமாதிரி ஒரு கேப் மாட்டி, அதன்மேல் குதிரையைத் தட்டவிட்டுச் சுட வேண்டியது. பஸ் ஓட்டி ரிட்டயர்ட் ஆன மனிதர் நீங்கள். கோயில் நோம்பியில் அதிர்வேட்டு போட்டது தவிர வேறு மருந்தைத் தொட்டதில்லை. நான் அதையும் தொட்டதில்லை. இரண்டு கற்றுக்குட்டிகளும் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு, கிளென்னுடைய நிலத்துக்குப் புறா சுடப் போனோம். என் கராஜில் பிக்கப் வண்டியைச் சரிசெய்ய வந்த மனிதர் அவர். பழைய துப்பாக்கி என்றதும் கண் பளிச்சென்று ஆகி, வாருங்கள் என்றுவிட்டார். உங்களைவிட இருபது வயது இளையவர் என்பதால் நீங்கள் அவரை "மிஸ்டர் தம்பி" ஆக்கிவிட்டீர்கள்.

நமக்குள் ஒரு பாகப்பிரிவினையும் நடந்தது. ஒரே துப்பாக்கி, இரண்டு குழல். வலது உங்களுடையது, இடது என்னுடையது. உங்களுடையதைச் சுட்டுவிட்டுத் துப்பாக்கியை என்னிடம் தருவீர்கள், என்னுடையதை நான் சுடுவேன். இரண்டிலுமே ஒரு பறவைகூட விழவில்லை. அதனால் சண்டைக்கும் இடமில்லை.

அந்தச் சனிக்கிழமையை நான் எத்தனையோ வீட்டில் எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டேன். உங்களிடம் மட்டும் சொன்னதில்லை. நீங்கள்தான் கூடவே இருந்தீர்களே. இன்றைக்கு உங்களிடமே சொல்லிப் பார்க்கிறேன். தப்பு வந்தால் செருமுங்கள்.

செப்டம்பர் வெயில். இரண்டு மாதமாக மழை இல்லை. கிளென் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். அவர் கொடுத்த கம்பளித் தக்கையைத் தவிர வேறு எதையும் குழலில் வைக்கக் கூடாது. புல் காய்ந்து கிடக்கிறது, பொறி விழுந்தால் போச்சு. ரோட்டோரத்தில் கவுன்ட்டி நிர்வாகத்தாரும் எதையும் எரிக்கக் கூடாது என்று போர்டு வைத்திருந்தார்கள். நான் வாசித்துச் சொன்னேன்.

"நாம எதையும் எரிக்கலியேடா" என்றீர்கள்.

மாடு தண்ணீர் குடிக்கும் குட்டைக்குப் பக்கத்தில், "இது நம்மூரு வேலிக்காத்தானாட்டவே இருக்குது" என்று நீங்கள் கண்டுபிடித்த முள்மரத்தின் அடியில் உட்கார்ந்தோம். குட்டை வற்றி நடுவில் சேறுதான் மின்னிக்கொண்டிருந்தது. வடக்கே கிளென்னின் வைக்கோல் உருளைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் நம் கார் உயரம். குளிர்காலம் முழுக்க அவருடைய மாடுகளுக்கு அதுதான் தீனி. வெளியில் வாங்கலாம் என்றால் மழை இல்லாத அந்த வருஷம் யாரிடமும் இல்லை. இதை அவர் நமக்குக் கைகாட்டிச் சொல்லியிருந்தார்.

மத்தியானத்துக்குள் கம்பளித் தக்கை தீர்ந்துவிட்டது. அத்தனையையும் வானத்துக்குத்தான் கொடுத்தோம். நான் வண்டியை எடுக்கலாம் என்று எழுந்தேன். நீங்கள் சட்டைப்பையில் கைவிட்டு, வீட்டிலிருந்தே பிய்த்துக் கொண்டுவந்திருந்த தேங்காய் நாரை எடுத்தீர்கள்.

"அதிர்வேட்டுக்கு இதத்தான வெச்சு இடிப்போம். நல்லாக் கெட்டிக்கும்."

"கிளென் வேண்டாம்னாருங்களேப்பா."

"அவுரு பொறி விழுகக்கூடாதுன்னாரு. நாரு என்ன பொறியா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பேருமாக இரண்டு குழலிலும் நாரை வைத்து இடித்தோம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மருந்து போடறவன் பேசக்கூடாது" என்றீர்கள். ஸ்டியரிங் பிடித்தவன் பேசக் கூடாது என்று முப்பது வருஷம் பஸ்ஸில் சொன்ன அதே குரல்.

ஒரு புறா தாழ்வாக வந்தது. இடமிருந்து வலமாக, குட்டைக்கு மேலே. நீங்கள் தூக்கினீர்கள். குதிரை விழுந்தது. இடி இடித்தமாதிரி ஒரு சத்தம். நமக்கு முன்னால் வெள்ளைப் புகை சுவர்போல எழுந்து நின்றது. இந்த மருந்தில் அதுதானே வம்பு. சுட்டவனுக்கு அடுத்த சில நொடிகள் உலகமே தெரியாது. பறவை விழுந்ததா, பறந்ததா, எல்லாம் புகைக்கு அந்தப் பக்கம்.

"விழுந்துருச்சுங்கப்பா!" என்று கத்தினேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் கத்துவேன்.

"பொகை போகட்டும் இரு."

புகை போனது. எல்லாம் போகவில்லை. அடியில் கொஞ்சம் நின்றுகொண்டே இருந்தது. மெல்லிசாக, நீலமாக, ஒரே இடத்தில். பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் தள்ளி மூன்றாவது. நார் எரிந்துகொண்டே போய் விழுந்திருந்தது. முழங்கால் உயரக் காய்ந்த புல். காற்று தெற்கிலிருந்து வைக்கோலைப் பார்த்து அடித்தது.

தீ பனைமரம் உயரம் எழும்பியது அப்பா.

சரி. இடுப்பு உயரம்.

சரி, சரி. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அது நடந்த வேகத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், நீங்கள் எத்தனை முறை செருமினாலும்.

நான் தீயைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தேன். உங்கள் கையில் துப்பாக்கி. அதில் என்னுடைய இடது குழல் மருந்தும் ரவையும் கேப்புமாகச் சுடத் தயாராக இருந்தது. உங்கள் தோளில் மருந்துப் பை. அதற்குள் ஒரு டப்பா கருமருந்து. பொறி ஒன்று காற்றில் ஏறி வந்து உட்கார்ந்தால், நான் ஊருக்குக் கொண்டுபோக உங்களில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

"அப்பா! எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாங்க!"

நீங்கள் ஓடவில்லை. துப்பாக்கியின் வாயை வானத்துக்குத் தூக்கினீர்கள். கட்டைவிரலால் இடது குதிரையைப் பிடித்து மெதுவாக இறக்கி, பாதியில் நிறுத்தினீர்கள். நெருப்பு ஒரு புதரைப் பிடித்துப் படபடவென்று வெடித்தது. நீங்கள் கேப்பைக் கழற்றப் பார்த்தீர்கள். அது வரவில்லை. நகத்தால் நெம்பினீர்கள். வந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டு, பட்டனையும் மாட்டினீர்கள். டெப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கியரை எடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எண்ணி ஒப்படைக்கிற மாதிரி.

"அப்பாஆ!"

"கத்தாதடா. கீழ போட்டா வெடிக்கும். மொதல்ல மருந்து."

பையைத் தலைவழியாகக் கழற்றப் போனீர்கள். வார், நீங்கள் போட்டிருந்த ஆரஞ்சு ஜாக்கெட்டின் கொக்கியில் மாட்டிக்கொண்டது. இழுத்தீர்கள். வரவில்லை. நான் பக்கத்தில் வந்து இழுத்தேன். நான் வெடுக்கென்று இழுத்ததில் அது இன்னும் இறுகியது. ஒரு கருகிய புல் துணுக்கு, ஓரம் சிவந்தபடி, உங்கள் தலைத்துண்டுக்கு மேலாகப் போனது. அதை நாம் இருவருமே பார்த்தோம். அது எங்கே இறங்குகிறது என்று தலையைத் திருப்பிப் பார்த்தோம். சேற்றில் இறங்கியது.

"கைய எடு" என்றீர்கள். என் கையை எடுத்தேன். நீங்கள் வாரைத் தளர்த்தி ஒரு திருப்புத் திருப்பினீர்கள். கழன்றது.

"ஓடு. வண்டிக்கு அந்தப் பக்கம் வெய்யி. வரப்ப மோர்க்கேன எடுத்துட்டு வா."

மருந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு மைல் ஓடினேன். உண்மையில் அந்தத் தூரம் நம் வீட்டு வாசலிலிருந்து தபால்பெட்டி வரைதான் இருக்கும். ஆனால் ஒரு டப்பா வெடிமருந்தைக் குழந்தைமாதிரி கட்டிப்பிடித்து, முதுகுக்குப் பின்னால் தீ எரிய ஓடிப்பார்த்தவனிடம் அளவு கேட்கக் கூடாது.

மோர்க்கேனும் சாப்பாடும் இருந்த கூலர் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பியபோது, துப்பாக்கி மரத்தில் வெறுமனே சாய்ந்திருந்தது. நீங்கள் தீக்குள் இருந்தீர்கள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அடித்துக்கொண்டிருந்தீர்கள். ஒன்றை அணைத்துவிட்டீர்கள். இரண்டாவது பாதி அடங்கியிருந்தது. மூன்றாவது உங்களுக்குப் பின்னால் பாம்புமாதிரி வைக்கோலை நோக்கி நழுவிக்கொண்டிருந்தது.

"மோர ஊத்துடா! துண்டு மேல ஊத்து!"

ஊற்றினேன். நீங்கள் அடித்தீர்கள். மறுபடி ஊற்றினேன். புளித்த மோரும் கருகிய புல்லும் சேர்ந்து எழுந்த வாடை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. கேனில் இன்னும் ஒரு சொம்பு அளவுதான் மிச்சம். தீயின் முனை முதல் உருளையின் அடியைத் தொட இன்னும் இரண்டு முழம்தான். கேனைத் தூக்கினேன். அப்போதுதான் பார்த்தேன், உங்கள் பேண்ட்டின் கீழ் ஓரம் சிவப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. உங்களுக்குத் தெரியவில்லை.

"அப்பா, கால்ல நெருப்பு!"

"கால விடு! போரப் பாருடா, போர!"

உங்கள் பேச்சை நான் கேட்காதது அன்றைக்கு ஒரு முறைதான். மிச்ச மோர் முழுவதையும் உங்கள் காலில் கொட்டினேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நிமிர்ந்தபோது உருளையின் தோல் கருக ஆரம்பித்திருந்தது. கூலரில் தயிர்சாத டப்பா ஒன்றுதான் இருந்தது. அப்பளம் வைத்து உங்கள் மருமகள் கட்டிக்கொடுத்த மத்தியானச் சாப்பாடு. அதைத் திறந்து அப்படியே அந்த எரியும் இடத்தில் அப்பினேன். இரண்டு கையாலும் அழுத்தினேன். நீங்கள் ஓடிப்போய் காலிக் கூலரில் சேற்றை வாரிவந்து என் கையோடு சேர்த்துக் கொட்டினீர்கள். திரும்ப ஓடினீர்கள். திரும்பக் கொட்டினீர்கள். புஸ் என்று ஒரு சத்தம். புகை. பிறகு அந்தப் புகையும் இல்லை.

முட்டிவரை சேற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டோம். நம் வீட்டுப் பின்புறப் புல்வெளி அளவுக்குக் கருப்பாக ஒரு திட்டு. நீங்கள் மூச்சு வாங்கியபடி எழுந்து, வெறும் காலால் சாம்பலைத் துழாவினீர்கள். ஷூ எங்கே போனதென்று தெரியவில்லை.

"என்னங்கப்பா தேடறீங்க?"

"விழுந்துருச்சுன்னியே. விழுந்திருந்தா கறியாவாச்சும் கெடக்கோணுமல்ல."

கிடக்கவில்லை.

புகையைப் பார்த்துவிட்டு கிளென் வந்தார். பிக்கப்பின் பின்னால் தண்ணீர்த் தொட்டி, மண்வெட்டி. இறங்கி நம் பக்கமே திரும்பாமல் அந்தக் கருப்புத் திட்டைச் சுற்றி நடந்தார். அங்கங்கே குனிந்து உள்ளங்கையை மண்ணில் வைத்துச் சூடு பார்த்தார். உருளைக்குப் போய் அதைத் தட்டிப் பார்த்தார். அவர் நடந்து முடிக்கும்வரை நான் கைச்சேற்றைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டிருந்தேன். இனி இந்த நிலத்தில் நமக்கு இடமில்லை என்று நினைத்தேன். உங்களுக்கு ஊருக்குத் திரும்ப இன்னும் சில வாரம்தான் இருந்தது. ஒரு புறாவாவது விழட்டும், அப்புறம் பிளேன் ஏறுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அவர் நம் முன்னால் வந்து நின்றார். என் வாய் தானாகத் திறந்தது. ரோட்டில் போன ஒருவன் சிகரெட்டை வீசிவிட்டுப் போனான் என்று தொடங்கிவிட்டேன். அதற்குள் அவனுக்குச் சிவப்பு வண்டி வாங்கிக்கொடுத்து, கையில் பச்சையும் குத்திவிட்டேன். தாடி ஒன்றுதான் பாக்கி.

நீங்கள் செருமினீர்கள். இரண்டு தடவை.

என் வாய் மூடிக்கொண்டது. நீங்கள் சட்டைப்பையிலிருந்து மிச்ச நாரை எடுத்து, சேற்றுக் கையோடு அவரிடம் நீட்டினீர்கள்.

"மிஸ்டர் தம்பி. திஸ். மீ." பிறகு துப்பாக்கியைக் காட்டினீர்கள். "ஐ புட்."

அவர் நாரை வாங்கினார். பிரித்துப் பார்த்தார். முகர்ந்தார். உங்கள் கருகிய பேண்ட்டைப் பார்த்தார். பிறகு உருளையில் வழிந்துகொண்டிருந்த வெள்ளையைச் சுட்டி, அது என்ன என்று என்னிடம் கேட்டார்.

தயிர்சாதம் என்றேன். மீதி இடத்தில் மோர்.

மோரை ஊற்றித் தீயை அணைத்தீர்களா என்றார். ஆமாம் என்றேன். மனிதர் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். பிக்கப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் பழையபடி இறுகியது. மழை பெய்யும்வரை இந்தத் துப்பாக்கி இங்கே வரக் கூடாது என்றார். மழைக்குப் பிறகு? என்று கேட்டேன். அவர் உங்களைப் பார்த்து, "மழை, அப்புறம் வா" என்பதுபோல வானத்தையும் தரையையும் விரலால் காட்டினார். நாரைத் திருப்பித் தரவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் காலையில் நீங்கள் வீட்டுக் கராஜ் கதவைத் திறந்து வானத்தைப் பார்த்தது எனக்குத் தெரியும். பக்கத்து ஊர் இர்விங்கில் நம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் நான், "பொறா விழுகறப்பவே வறுத்து விழுந்துச்சுங்க, மசாலா ஒண்ணுதான் பாக்கி" என்று சொன்னபோது ஹாலின் மூலையிலிருந்து செருமினீர்கள். ஒரே ஒரு தடவைதான். அந்தப் புறாவை நான் முழுசாக விடவேண்டும் என்று நீங்களும் நினைக்கவில்லை என்று அன்றைக்கு வைத்துக்கொண்டேன்.

மழை வரவில்லை. ஏர்போர்ட்டில் உங்கள் பெட்டியை எடைபோடும்போது சொன்னீர்கள்: "மழ பேஞ்சா நீ போய்ச் சுடு. எங்கொழல மட்டும் விட்ரு. அடுத்த வருசம் வந்து நான் சுட்டுக்கறேன்."

அடுத்த சித்திரையில் போன் வந்தது. நான் ஊர் வந்து சேரும்போது உங்களை எடுத்துவிட்டு முற்றத்தைக் கழுவி விட்டிருந்தார்கள்.

போன சீசனில் நான் கிளென் வீட்டுப் பக்கமே போகவில்லை. இந்த வருஷம் அவரே கராஜுக்கு வந்தார். நல்ல மழை, குட்டை நிரம்பிக் கிடக்கிறது என்றார். அவர் பிக்கப்பின் கண்ணாடியில் நம் நார் தொங்குகிறது அப்பா, ஒரு நூலில் கட்டி. என் மேய்ச்சல் நிலத்தை எரிக்கப் பார்த்தது இதுதான் என்று ஏறுகிறவர்களிடம் காட்டுவாராம்.

நேற்றுச் சாயங்காலம் போனேன். புல் பச்சையாக, காலை நனைத்தது. கம்பளித் தக்கை ஒரு பை நிறைய. பேசாமல் மருந்து போட்டேன். இடது குழலுக்குப் போட்டுவிட்டுக் கோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். வலது வெறுமையாக இருந்தது. கூட வந்திருந்த கிளென் குட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து வலதிலும் மருந்தைக் கொட்டினேன். தக்கை, ரவை, தக்கை. இடித்தேன்.

முதலில் வந்த புறாவுக்கு இடது குழலைச் சுட்டேன், தப்பியது. அது எப்போதும் தப்பும்.

இருட்டுவதற்குள் இன்னொன்று வந்தது. தாழ்வாக, இடமிருந்து வலமாக, குட்டைக்கு மேலே. விரல் உங்கள் குழலுக்குப் போனது. சுட்டேன். வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது.

பின்னாலிருந்து கிளென், விழுந்ததா என்று கேட்டார்.

வாய் திறந்துவிட்டது. "வி" வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். புகை முகத்தில் மோதியது. ஒரு சத்தமும் வரவில்லை. அப்புறம் நானே செருமினேன். புகை தொண்டையில் போய்விட்டது என்று அவர் நினைத்திருப்பார். இன்னொரு தடவை செருமினேன்.

புகை போகும்வரை இருந்தேன். போனது. குட்டையில் வட்டம்கூட இல்லை. பச்சைப் புல் அப்படியே நின்றது. தூரத்தில் ஒரு புள்ளி பறந்துகொண்டிருந்தது.

"இல்லை, தம்பி" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்றார். நான் கோலை எடுத்தேன். வலது குழலுக்கு முதலில் மருந்து போட்டேன். பேசவில்லை.